உள்ளறையின் கதவு

(திருநீற்றுப் புதன் மாலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி வாசகம்: மத்தேயு 6:1-6, 16-18)





இன்று நம் நெற்றியில் பூசப்பட்ட சாம்பல் எங்கிருந்து வந்தது? கடந்த ஆண்டு குருத்து ஞாயிறன்று 'ஓசன்னா' பாடிக்கொண்டு நாம் ஏந்தி வந்த குருத்தோலையிலிருந்து வந்தது. ஓராண்டு காலம் வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அந்த ஓலையை மீண்டும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து எரித்துச் சாம்பலாக்கினோம். எங்கள் பழவேற்காட்டுப் பகுதியில் பனை ஓலைக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. ஓலையைக் காயவைத்து, சாயமேற்றி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, பெட்டியும் கூடையும் பின்னுகிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். மூடி போட்ட அழகான பெட்டிகள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பெட்டிக்கு உரியவருக்கு மட்டுமே தெரியும்.

இன்றைய நற்செய்தியைக் கவனித்துக் கேட்டீர்களா? ஆண்டவர் தர்மத்தைப் பற்றியும், இறைவேண்டலைப் பற்றியும், நோன்பைப் பற்றியும் பேசுகிறார். மூன்றுக்கும் ஒரே நிபந்தனை வைக்கிறார்: மறைவாய்ச் செய். மறைவாய் இருக்கும் தந்தை அதைக் காண்கிறார். மறைவு என்றாலே நாம் தவறு செய்கிறவனின் இடம் என்று நினைக்கிறோம். இயேசுவோ அதை அன்பின் இடமாகக் காட்டுகிறார். தர்மம், இறைவேண்டல், நோன்பு என்ற அந்த வரிசையிலேயே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். நான் பேசப்போவது நம் எல்லாருடைய கையிலும் இருக்கும் கைபேசியைப் பற்றி.

முதலில் தர்மம். இங்கே நான் என் தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கரையோரக் கிராமங்களில் வலை போயிற்று, படகு போயிற்று, வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. நல்ல மனம் கொண்டவர்கள் அரிசியும் போர்வையும் பணமும் அனுப்பினார்கள். யார் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு குடும்பத்திடமும் ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் வாங்கினேன். பெயர், கைபேசி எண், கணக்கு எண் எல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் போட்டேன். அதைப் படம் பிடித்துப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பத்து நாளில் அழைப்புகள் வரத் தொடங்கின. "வங்கியிலிருந்து பேசுகிறோம், புயல் நிவாரணம் வந்திருக்கிறது, உங்கள் கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்." பேசியவருக்கு இவர்களுடைய பெயர் தெரிந்திருந்தது, கணக்கு எண்ணும் தெரிந்திருந்தது. ஆகவே நம்பினார்கள். இரண்டு குடும்பங்கள் வந்த உதவியையே இழந்தன. அவர்களில் வயதான ஒரு பாட்டி என்னிடம் வந்து கேட்டார்: "சாமி, உங்க கையில குடுத்த பேப்பர்லேர்ந்துதான் நம்பர் வெளிய போச்சா?" நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்தப் பட்டியல் எத்தனை குழுக்களுக்குப் போயிற்று, எந்த வழியாக யார் கைக்குப் போயிற்று என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இரண்டு குடும்பங்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னபோது, கொடுப்பவரின் தற்பெருமையைப் பற்றித்தான் சொன்னார் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்திருக்கிறேன். வாங்குகிறவரின் மானமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை அந்தப் பாட்டிதான் எனக்குக் கற்பித்தார். குருமடத்தில் திருச்சபைச் சட்டம் படித்தபோது 220-ஆம் எண்ணை மனப்பாடம் செய்தேன். பிறருடைய நற்பெயரைக் கெடுக்கவும், தம் தனிவாழ்வைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையை மீறவும் எவருக்கும் அனுமதி இல்லை என்பது அதன் பொருள். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 26-ஆம் பத்தியில், உணவு, உடை, உறைவிடத்தைச் சொல்லும் அதே வரிசையில் இந்த உரிமையையும் சேர்த்துச் சொல்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லாத நான், மக்களின் ஆதார் எண்ணைத் தெருவில் போட்டுவிட்டேன்.

இரண்டாவது, இறைவேண்டல். உள்ளறைக்குப் போ, கதவைச் சாத்து, பிறகு வேண்டு என்கிறார் இயேசு. 'உள்ளறை' என்பதற்கு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் 'தமெய்யோன்' என்ற சொல் இருக்கிறது. தானியமும் பண்டமும் வைக்கும் சேமிப்பு அறை என்பது அதன் பொருள். ஏழை விவசாயியின் வீட்டில் கதவு போட்ட அறை என்று ஒன்று இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வலையும் கயிறும் போட்டு வைக்கும் அறை. செபிக்க நல்ல இடம்!

ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, கடவுளுக்கு எல்லாமே தெரியும். அப்புறம் மறைக்கறதுக்கு என்ன இருக்கு? தப்பு செய்யாதவனுக்கு எதுக்குப் பயம்?" நியாயமான கேள்வி. திருப்பாடல் 139-ஐ எடுத்துப் படியுங்கள். ஆண்டவர் என் அமர்வையும் எழுகையையும் அறிந்திருக்கிறார் என்று பாடுகிற தாவீது, அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறார். தாயின் வயிற்றில், மறைவான இடத்தில், நெசவாளரைப் போல என்னை நெய்தவர் அவர். நெய்தவருக்கு ஒவ்வோர் இழையும் தெரியும். அந்த அறிவு அன்பிலிருந்து வருகிறது. நாம் எங்கே போகிறோம், எதைப் பார்க்கிறோம், எந்த நேரத்தில் தூங்காமல் இருக்கிறோம் என்று குறித்து வைத்துக்கொள்ளும் நிறுவனம் நம்மை நெய்யவில்லை, நம்மை விற்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். எல்லாம் தெரிந்த கடவுள் திருவெளிப்பாடு 3:20-இல் எங்கே நிற்கிறார்? வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறார். திறந்தால்தான் உள்ளே வருவேன் என்கிறார். கடவுளே அனுமதி கேட்கிற கதவு அது.

'தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம்' என்பவர்களுக்கு இன்னொரு பதிலும் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடி மக்களோடு வாழ்ந்த இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டான் சுவாமியை நீங்கள் அறிவீர்கள். 2020 அக்டோபர் 8-ஆம் நாள் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடித்துக் குடிக்க முடியாதவர். 2021 ஜூலை 5-ஆம் நாள், 84-ஆம் வயதில், விசாரணைக் கைதியாகவே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினியின் பதிவை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2022 டிசம்பரில் வெளிவந்தது. 2014 முதல் 2019 வரை யாரோ அந்தக் கணினிக்குள் புகுந்திருந்தார்கள், அவருக்குத் தெரியாமலேயே கோப்புகளை உள்ளே வைத்தார்கள் என்று அது கூறியது. புலனாய்வு அமைப்பு தன் குற்றச்சாட்டில் உறுதியாக நின்றது. நீதிமன்றம் உண்மையை ஆராய்ந்து முடிக்குமுன் அவர் போய்விட்டார். அரசர்கள் முதல் நூல் 21-ஆம் அதிகாரத்தில், ஈசபேல் அரசனின் பெயரில் கடிதம் எழுதி, அரசனின் முத்திரையையே போட்டு, நாபோத்தைப் பொய்க் குற்றத்தில் சிக்கவைத்துக் கொன்றாளே, அது நினைவுக்கு வருகிறது. கதவு உடைந்த வீட்டிலிருந்து எடுக்கவும் முடியும், அந்த வீட்டுக்குள் எதையாவது வைக்கவும் முடியும்.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இந்தக் கதவை மதித்திருக்கிறது. கே. எஸ். புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி 2012-இல், தம் 86-ஆம் வயதில் வழக்குத் தொடுத்தார். 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கிற உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ளேயே அது இருக்கிறது என்றார்கள். அந்த முதியவருக்காக நாம் நன்றி சொல்லலாம்.

மூன்றாவது, நோன்பு. மீனவ மக்களுக்கு நோன்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அது கடலின் நோன்பு. அந்த நாள்களில் அடுப்பும் சேர்ந்து நோன்பிருப்பதுதான் வேதனை.

அப்படி ஒரு தடைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதல்ல. சம்பந்தப்பட்ட சகோதரியே, "சொல்லுங்க சாமி, இன்னொருத்தி மாட்டாம இருக்கட்டும்" என்று அனுமதி தந்திருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தடைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கைபேசியில் ஒரு கடன் செயலி வந்தது. ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம். கையெழுத்து வேண்டாம், நகை வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் 'அனுமதி' என்று அழுத்தினால் போதும். அழுத்தினார். கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழாம் நாள் முழுத்தொகையும் கேட்டார்கள். இரண்டு நாள் தாமதம். அதற்குள் அவருடைய முகத்தை ஒரு கேவலமான படத்தோடு ஒட்டி, அவர் கைபேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மைத்துனருக்குப் போனது. பிள்ளையின் ஆசிரியருக்குப் போனது. என் எண்ணும் அதில் இருந்ததால் எனக்கும் வந்தது.

அன்பார்ந்தவர்களே, இரையைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மீனுக்கு இரை இலவசமாகத்தான் கிடைக்கிறது. வலையின் கண்ணைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். சின்னக் கண் வலை போட்டால் குஞ்சும் பொடியும் சேர்ந்து வரும், நாளைக்கு ஏரியில் ஒன்றும் இருக்காது. இந்தச் செயலிகள் போடுவது மிகச் சின்னக் கண் வலை. கடன் கொடுக்க உங்கள் கைபேசியில் உள்ள முந்நூறு பேரின் எண் எதற்கு? உங்கள் பிள்ளையின் புகைப்படம் எதற்கு? கடன் செயலிகள் கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி வகுத்துவிட்டது. இந்த விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றைக் கேட்கிற செயலி அந்த இடத்திலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஒன்றை மனத்தில் வையுங்கள். உங்கள் கைபேசியில் இருக்கும் எண்கள் உங்களுடையவை அல்ல. உங்களை நம்பி மற்றவர்கள் தந்தவை. நீங்கள் அழுத்துகிற 'அனுமதி', அவர்கள் வீட்டுக் கதவையும் சேர்த்துத் திறக்கிறது. அதனால்தான் இதை அயலார் அன்பின் கேள்வி என்கிறேன்.

அந்தப் படத்தை அழித்துவிட்டு அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார் மாமியார். படம் வந்தவர்களில் பலர் அதை அழித்திருந்தார்கள். சிலர் 'பாவம்' என்று எழுதி இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு தொடுதலில், கடன்காரன் தொடங்கிய பாவத்தை நாம் முடித்து வைக்கிறோம். அன்று மாலை அன்பியத்துப் பெண்கள் நான்கு பேர் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓலை கொண்டுவந்திருந்தார்கள். பின்னத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கீற்றை அவர் கையிலும் கொடுத்தார்கள். இருட்டும்வரை ஐந்து பேரும் பின்னினார்கள். மறுநாள் அவர்களில் இருவர் கூடப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இயேசு அழைத்தபோது யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்கு அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லையே, கலாத்தியர் 6:1-இல் புனித பவுலும் பயன்படுத்துகிறார். தவறி விழுந்தவரைக் கனிவோடு சீர்ப்படுத்துங்கள் என்று அவர் சொல்லும் இடம் அது. கிழிந்த வலைக்கும் கிழிந்த மனிதருக்கும் ஒரே சொல். அந்த நான்கு பெண்களுக்குக் கிரேக்கம் தெரியாது. பொருள் தெரிந்திருந்தது.

கைவேலையை நான் ஏன் இந்தப் பேச்சில் கொண்டுவருகிறேன் என்று கேட்பீர்கள். வலை ஊசியும் ஓலையும் கையில் இருக்கும்போது கைபேசி கையில் இருக்க முடியாது. அது முதல் நன்மை. இரண்டாவது, கையால் செய்த பொருள் எப்படி உண்டாயிற்று என்று நமக்குத் தெரியும். எங்கே கிழிந்தது என்றும் தெரியும். பழவேற்காட்டின் கைத்திறனைத் தேடி ஒரு காலத்தில் உலகமே வந்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இந்தக் கரையின் துணி வணிகத்துக்காகத்தான். 'பளையகாட் கைலி' என்று இன்றும் கடையில் கேட்கிறோமே, அந்தப் பெயர் நம் ஊரின் பெயர்.

எனக்கு ஓலை பின்ன வராது. முயன்று பார்த்தேன்; பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்தது பழைய ரேடியோ. என் தந்தை வைத்திருந்த மர்ஃபி ரேடியோவை இன்னும் வைத்திருக்கிறேன். திருப்புளி எடுத்துப் பின்பக்கத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தூசி தட்டி, விட்டுப்போன கம்பியைப் பற்றவைத்தால் மறுபடி பேசும். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் உரிமம் எடுக்க வேண்டும். நம் வீட்டில் ரேடியோ இருக்கிறது என்பது அஞ்சலகத்துக்குத் தெரியும். இலங்கை வானொலியில் நாம் என்ன பாட்டுக் கேட்டோம் என்று யாருக்கும் தெரியாது. இப்போதும் அப்படித்தான். வானொலிப் பெட்டி வழியாக இந்த மறையுரையைக் கேட்பவர் யார், கேட்டுக் கண் கலங்கியவர் யார், சலித்துப்போய் அணைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டி யாரிடமும் சொல்லாது. உங்கள் உள்ளறையில் நான் ஒரு குரல் மட்டுமே. அதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

கைபேசியைக் கடலில் எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கை அதில்தான் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகம் அதில்தான் தெரிகிறது. இந்த நாற்பது நாளுக்குச் சில முயற்சிகளை மட்டும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்குப் போனதும் கைபேசியை ஓர் ஓலைப்பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். வலையோ, ஓலையோ, தையலோ, எதையாவது கையால் செய்யுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

ஒரு நாள் உட்கார்ந்து, உங்கள் கைபேசியில் எந்தெந்தச் செயலிக்குத் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் மறைக்கல்வி படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். ஆதார் நகல் கேட்பவர்களுக்கு, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள், சாமியார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பிறருடைய துயரத்தையோ அவமானத்தையோ காட்டும் படம் உங்களிடம் வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். அழித்துவிட்டு, முடிந்தால் அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.

நானும் ஒன்று செய்தேன். பங்கு அலுவலகத்தில் மூட்டையாகக் கிடந்த ஆதார் நகல்களை, கணக்குத் தணிக்கை முடிந்ததும், பங்குப்பேரவையின் ஒப்புதலோடு உபதேசியாரும் நானும் சென்ற வாரம் வீட்டுக் கொல்லையில் வைத்து எரித்தோம். அந்தப் பாட்டியையும் வந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "இப்பதான் சாமி, உங்களுக்கு நெத்தியில சாம்பல் பூசலாம்" என்றார். இன்று காலை பூசிக்கொண்டபோது அவரை நினைத்தேன்.

செபிப்போம். எங்களைத் தாயின் வயிற்றில் நெய்த தந்தையே, எங்கள் கதவைத் தட்டிக் காத்திருக்கும் உமது பொறுமையை எங்களுக்கும் தாரும். எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பெயர்களையும் எண்களையும் முகங்களையும் கண்ணியமாய்க் காக்கச் செய்தருளும். கிழிந்தவரைச் சேர்த்துப் பின்னும் கைகளை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.